கென் டோமோன் ஒளிப்பட அருங்காட்சியகம்

கென் டோமோன் ஒளிப்பட அருங்காட்சியகம், ஜப்பானின் யமகத்தா மாகாணத்தில் உள்ள சக்கத்தா என்னும் துறைமுக நகரில் அமைந்துள்ளது. ஒளிப்படக் கலைக்கென்றே ஜப்பானில் நிறுவப்பட்ட முதல் அருங்காட்சியகம் இதுவாகும். இது 1983 அக்டோபரில் திறக்கப்பட்டது.

வரலாறு

சக்கத்தாவில் 1909 இல் பிறந்த டோமோன், 1974 இல் அந்நகரின் முதல் மதிப்புறு குடிமகனாக அறிவிக்கப்பட்டார். அதையொட்டித் தம் படைப்புகள் அனைத்தையும் நகருக்கே வழங்க முன்வந்தார். ஏறத்தாழ 70,000 படங்களைக் காக்கும் பொருட்டு எழுந்ததே இவ்வருங்காட்சியகம். ஆயினும் டோமோன் இதனைக் கண்டதில்லை. 1979 இல் மூன்றாம் முறையாகப் பக்கவாதம் தாக்கி நினைவிழந்த அவர், நினைவு திரும்பாமலேயே 1990 இல் காலமானார்.

கட்டடம்

நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் 2004 ஆம் ஆண்டு விரிவாக்கத்தை வடிவமைத்த யோஷியோ தனிகுச்சியே இதன் கட்டடக் கலைஞர். முற்றத்துச் சிற்பம் இசாமு நொகுச்சியினுடையது. தோட்டம் திரைப்பட இயக்குநர் ஹிரோஷி தெஷிகஹாராவினுடையது. கட்டடத்தை ஒட்டிய நீர்நிலைக்கு 'முட்டி ஏரி' எனப் பொருள்படும் பெயர் இடப்பட்டுள்ளது. டோமோனின் இயற்பெயரான 'கென்' என்பதை எழுதும் எழுத்துக்கு மடக்கிய கை என்பது பொருள்.

காட்சிப் படங்கள்

அணுகுண்டுக்குத் தப்பியோரைப் பற்றிய 'ஹிரோஷிமா' (1958), கியூஷு தீவின் சிக்குஹோ சுரங்கப் பகுதியில் வேலையிழந்த தொழிலாளரின் பிள்ளைகளைப் பற்றிய 'சிக்குஹோவின் சிறுவர்கள்' (1960) ஆகிய தொகுப்புகள் குறிப்பிடத்தக்கன. எளியோரும் வாங்க வேண்டும் என்பதற்காகப் பின்னது மலிவுத் தாளில் அச்சாகி 100 யென்னுக்கு விற்கப்பட்டது. சென்னைத் துறைமுகத்தில் 2011 இல் நிலக்கரி கையாளுதல் நிறுத்தப்படும்வரை கரித்தூசியோடு வாழ்ந்த இராயபுரத்தாருக்கு இச்சிறுவர்களின் முகங்கள் அன்னியமாகத் தோன்றா.

அத்தொகுப்பு வெளியான ஆண்டிலேயே டோமோனை முதல் பக்கவாதம் தாக்கியது. கையடக்கக் கருவியைக் கையாள இயலாத நிலையில், முக்காலியில் நிறுத்திய பெரிய கருவிக்கு மாறினார். 1968 இல் இரண்டாம் முறை தாக்கிய பின் சக்கர நாற்காலியில் சென்று பழங்கோயில்களைப் படமெடுத்தார். 'பழங்கோயில் யாத்திரை' என்னும் ஐந்து தொகுதிகள் 1963 முதல் 1975 வரை வெளிவந்தன. முரோஜி கோயிலைப் பனி மூடிய கோலத்தில் எடுக்க நெடுங்காலம் காத்திருந்த அவருக்கு அது 1978 மார்ச்சில்தான் வாய்த்தது.

பார்வையிடல்

காட்சிக்கு வைக்கப்படும் படங்கள் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. எனவே குறிப்பிட்ட ஒரு தொகுப்பைக் காண விரும்புவோர், அது அப்போது காட்சியில் உள்ளதா என்பதை அறிந்து செல்லல் நலம்.