வீட்டு ஊடக வழங்கியின் வரலாறு

வீட்டு ஊடக வழங்கி என்பது ஒரு குடும்பத்தினர் சேர்த்துவைத்த பாடல்கள், திரைப்படங்கள், நிழற்படங்கள் முதலியவற்றை ஒரே கணினியில் வைத்து, வீட்டிலுள்ள தொலைக்காட்சி, மடிக்கணினி, கைப்பேசி ஆகிய அனைத்துக்கும் வலையமைப்பு வழியாக அளிக்கும் ஏற்பாடு. பேச்சு வழக்கில் இது மீடியா சர்வர் எனப்படுகிறது. 1990-களின் நடுவில் இசைக்கோப்புகளோடு தொடங்கிய இந்த வழக்கம், இன்று திறந்தமூல மென்பொருள்களும் வணிக மென்பொருள்களும் போட்டியிடும் தனித் துறையாக வளர்ந்துள்ளது.

இதன் வரலாறு பெருமளவு இடப்பெயர்வுகளின் வரலாறாகும். அலமாரியிலிருந்த தட்டுகள் வன்தட்டுக்கும், ஒருவரின் கணினியிலிருந்த தொகுப்பு குடும்பப் பொது வழங்கிக்கும், பழைய வழங்கியிலிருந்தவை புதிய வழங்கிக்கும் மாற்றப்பட்டன. இம்மாற்றங்களில் கோப்புகளைப் படியெடுப்பது எளிதாகவே இருந்தது. அவற்றைப் பற்றிய குறிப்புகளே அடிக்கடி தொலைந்தன. பாடலின் பெயர், பாடியவர், படம் வெளிவந்த ஆண்டு, வீட்டில் யார் எதை எதுவரை பார்த்தார் என்ற விவரங்கள் இவற்றில் அடங்கும்.

தட்டிலிருந்து கோப்புக்கு

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில் ஒரு நிமிட இசைக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் தேவைப்பட்டது. ஜெர்மனியின் பிரௌன்ஹோபர் நிறுவன ஆய்வாளர்கள் முக்கியப் பங்காற்றி உருவாக்கிய எம்பி3 முறை, அதே இசையைப் பதினொன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கியது. 1995 ஜூலை 14 அன்று அக்கோப்புகளுக்கு எம்பி3 என்ற பின்னொட்டு முடிவு செய்யப்பட்டது. அலமாரி நிறைய இருந்த தட்டுகளை ஒரே வன்தட்டில் அடக்குவது இதனால் இயலுவதாயிற்று.

தொடக்கத்தில் எம்பி3 கோப்புக்குள் பாடலின் பெயரை எழுத இடம் இருக்கவில்லை. 1996-இல் எரிக் கெம்ப் என்பவர், கோப்பின் கடைசியில் 128 பைட் அளவுள்ள ஒரு பட்டையைச் சேர்க்கும் வழியைக் கண்டார். ஐடி3 எனப்பட்ட இப்பட்டையில் பாடலின் பெயர், கலைஞர், தொகுப்பு ஆகிய ஒவ்வொன்றுக்கும் 30 பைட்டுகள் ஒதுக்கப்பட்டன. இசை வகையைக் குறிக்க 80 பெயர்கள் கொண்ட பட்டியல் இருந்தது. கருநாடக இசைக்கோ தமிழ்த் திரையிசைக்கோ அதில் தனி இடம் இல்லை. இன்று பரவலாக உள்ள யூடிஎப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டுகள் தேவை. எனவே 30 பைட்டுகளில் 10 குறிகளே அடங்கும். இப்பட்டை ஒருங்குறியைக் கருத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டதும் அன்று. 1998-இல் வந்த இரண்டாம் பதிப்பு இந்த நீள வரம்பை நீக்கி ஒருங்குறிக்கும் வழி செய்தது.

பெயர்ப்பட்டியல் யாருக்குச் சொந்தம்?

பெரும்பாலான குறுந்தட்டுகளில் பாடல்களின் பெயர்கள் எண்முறையில் பதிவாகியிருப்பதில்லை. தட்டைக் கணினியில் இட்டால் 'தடம் 1', 'தடம் 2' என்றே தெரியும். 1993-இல் டி கான், ஸ்டீவ் ஷெர்ப் ஆகியோரின் முயற்சியில் தொடங்கிய சிடிடிபி இதற்குத் தீர்வு கண்டது. தடங்கள் தொடங்கும் இடங்களையும் தட்டின் மொத்த நீளத்தையும் கொண்டு ஓர் அடையாள எண் கணக்கிடப்பட்டது. ஒருவர் ஒரு தட்டின் பெயர்களைத் தட்டச்சு செய்து அனுப்பினால், அதே தட்டை வைத்திருந்த மற்றவர்களுக்கு அவை தாமாகக் கிடைத்தன. உலகெங்கும் இருந்த பயனர்கள் ஊதியமின்றி இப்பட்டியலை நிரப்பினர்.

1998-இல் இது ஒரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டுப் பின்னர் கிரேஸ்நோட் எனப் பெயர் மாறியது. 2001-இல் உரிமம் பெற்ற மென்பொருள்களுக்கு மட்டுமே பட்டியல் திறக்கும் என்ற நிலை வந்தது. தாங்கள் எழுதிக் கொடுத்தவற்றைத் தாங்களே விரும்பிய மென்பொருள் வழியாகப் பெற முடியாத நிலை பயனர்களுக்கு ஏற்பட்டது. இதன் எதிர்வினையாக ப்ரீடிபி என்ற மாற்றுத் தளமும், ராபர்ட் கே தொடங்கிய மியூசிக்பிரெயின்ஸ் தளமும் வளர்ந்தன. மியூசிக்பிரெயின்ஸ் தன் அடிப்படைத் தரவுகளைப் பொதுவுடைமையாக வெளியிட்டது. 2004 முதல் அது இலாப நோக்கற்ற அறக்கட்டளையின் கீழ் இயங்குகிறது. ப்ரீடிபி 2020-இல் மூடப்பட்டது. வீட்டு ஊடகத் தொகுப்பின் குறிப்புகளை யார் வைத்திருப்பது என்ற கேள்வி முதன்முதலில் பெரிதாக எழுந்தது இங்குதான்.

பொது வழங்கியின் தோற்றம்

ஒரு கணினியிலுள்ள கோப்பை வீட்டின் மற்றொரு கருவியில் திறக்கும் அடிப்படை வசதி முன்னரே இருந்தது. ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 இறுதியில் எழுதத் தொடங்கிய சம்பா மென்பொருள், யூனிக்ஸ் கணினியின் கோப்புகளை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிர்ந்தது. பிற்காலத்தில் வீட்டுச் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றின் உள்ளே இயங்கியது இம்மென்பொருளே.

ஊடகத்துக்கென்றே அமைந்த தொடக்ககால ஏற்பாடுகளுள் ஒன்று, ஸ்லிம் டிவைசஸ் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட ஸ்லிம்பி3 கருவி. அதனுள் வன்தட்டு இல்லை. வீட்டுக் கணினியில் இயங்கிய வழங்கி மென்பொருளிலிருந்து அது இசையைப் பெற்று ஒலித்தது. 2006-இல் லாஜிடெக் அந்நிறுவனத்தை வாங்கியது. இதன் வழிவந்த ஸ்க்வீஸ்பாக்ஸ் கருவிகளை 2012-இல் நிறுத்தியது. வழங்கி மென்பொருள் திறந்தமூலமாக இருந்ததால் தன்னார்வலர்கள் அதைத் தொடர்ந்து பராமரித்தனர். லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது.

காணொளித் துறையில் திருப்பத்தை உண்டாக்கியது ஒரு விளையாட்டுப் பெட்டி. மைக்ரோசாப்ட் 2001 நவம்பரில் வெளியிட்ட எக்ஸ்பாக்சில் 733 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 64 மெகாபைட் நினைவகமும் இருந்தன. ஆர்வலர்கள் அதன் பூட்டை உடைத்து, படம் பார்க்க உதவும் மென்பொருளை எழுதினர். எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டர் என்ற பெயரில் 2004 ஜூனில் அதன் முதல் முழுப் பதிப்பு வந்தது. பெட்டியின் வன்தட்டு மிகச் சிறியது என்பதால், பயனர்கள் படங்களை வேறொரு கணினியில் வைத்து வலையமைப்பு வழியே பெற்றனர். இம்மென்பொருள் 2008-இல் லினக்ஸ், மேக், விண்டோஸ் ஆகியவற்றுக்கும் விரிந்தது. 2014-இல் கோடி எனப் பெயர் மாற்றம் பெற்றது.

2007-இல் மைக்ரோசாப்ட் விண்டோஸ் ஹோம் சர்வர் என்ற இயங்குதளத்தை வெளியிட்டது. பல வன்தட்டுகளை ஒரே பெரும் சேமிப்பாகக் காட்டுவது இதன் சிறப்பு. ஆனால் பல வன்தட்டுகள் கொண்ட வழங்கியிலுள்ள கோப்புகளைச் சில மென்பொருள்கள் மூலம் நேரடியாகத் திருத்தும்போது அவை சிதையக்கூடும் என்று அந்நிறுவனமே அவ்வாண்டு டிசம்பரில் எச்சரித்தது. திருத்தம் 2008 ஜூலையில்தான் வந்தது. நிழற்படங்களையும் ஆவணங்களையும் ஒரே இடத்தில் குவித்துவிட்டு, மூலப் படிகளை அழித்தவர்களுக்கு இருந்த ஆபத்தை இந்நிகழ்வு காட்டியது.

சட்டப் போராட்டம்

டிவிடியில் உள்ள படங்கள் மறைகுறியாக்கத்தால் பூட்டப்பட்டவை. கலைடெஸ்கேப் என்ற அமெரிக்க நிறுவனம், வாங்கிய டிவிடிகளை வீட்டு வழங்கியில் படியெடுத்து எல்லா அறைகளிலும் காணும் விலையுயர்ந்த கருவியை விற்றது. படிகளிலும் மறைகுறியாக்கம் அப்படியே வைக்கப்பட்டது. எனினும் டிவிடி பூட்டு முறையின் உரிமங்களை நிர்வகிக்கும் சங்கம் 2004-இல் வழக்குத் தொடர்ந்தது. 2007-இல் கீழமை நீதிமன்றம் கலைடெஸ்கேப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2012-இல் தடையாணை பிறந்தது. 2014-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(அ) பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையை மீறலாகக் கருதுவதில்லை. 2012 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 65அ பிரிவு, உரிமையை மீறும் நோக்கில் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது. குடும்பத்துக்குள் பயன்படும் வழங்கியும் வெளியாருக்குப் படம் பகிரும் வழங்கியும் சட்டத்தின் முன் ஒன்றல்ல.

கிளைபிரிந்த மென்பொருள்கள்

எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டரை மேக் கணினிக்குக் கொண்டுவர ஈலன் பைன்கோல்ட் 2007 இறுதியில் தொடங்கிய முயற்சி, 2008-இல் பிளெக்ஸ் என்ற தனிக் கிளையாயிற்று. விரைவில் அது வணிக நிறுவனமாக வளர்ந்தது. குறிப்புகளும் சுவரொட்டிப் படங்களும் வழங்கியிலேயே சேமிக்கப்பட்டன. தொலைக்காட்சியோ கைப்பேசியோ எளிய காட்சிக் கருவியாக மட்டும் இருந்தால் போதும். கருவிக்கு ஒவ்வாத காணொளியை வழங்கியே உடனுக்குடன் வேறு வடிவத்துக்கு மாற்றித் தந்தது. ஆனால் பயனர் கணக்குகளின் மையம் நிறுவனத்திடம் இருந்தது. 2022 ஆகஸ்டில் அதன் தரவுத்தளத்தில் ஊடுருவல் நேர்ந்தபோது, பயனர்கள் கடவுச்சொல்லை மாற்றும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். 2025 ஏப்ரல் 29 முதல், வீட்டுக்கு வெளியிலிருந்து சொந்தக் காணொளிகளைப் பார்ப்பது கட்டணத்துக்கு உட்பட்டது. வாழ்நாள் சந்தா 119.99 டாலரிலிருந்து 249.99 டாலராக உயர்ந்தது.

மற்றொரு மென்பொருளான எம்பி, இசைக்கோப்பு வடிவத்தோடு பெயரொற்றுமை மட்டுமே உடையது. அது திறந்தமூலமாக வளர்ந்து, 2018 இறுதியில் மூடிய மென்பொருளாக மாறியது. அதே டிசம்பரில் தன்னார்வலர் சிலர் கடைசித் திறந்த பதிப்பான 3.5.2-ஐ எடுத்து ஜெல்லிபின் என்ற கிளையைத் தொடங்கினர். இதற்கு மைய நிறுவனமோ கட்டணமோ இல்லை. கணக்குகள் அந்தந்த வீட்டு வழங்கியிலேயே இருக்கும். சிடிடிபி வரலாற்றில் நிகழ்ந்தது மென்பொருளில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம். இம்முறை மூலநிரல் பொது உரிமத்தில் இருந்ததால், விட்ட இடத்திலிருந்தே தொடர முடிந்தது.

புதிய வழங்கிக்கு மாற்றுதல்

வழங்கி பழுதாகும்போதும் இடம் போதாதபோதும் தொகுப்பைப் புதிய கணினிக்கு மாற்ற நேர்கிறது. கோப்புகளைப் படியெடுக்கப் பரவலாகப் பயன்படும் கருவி, டிரிட்ஜெலும் பால் மக்கரசும் 1996-இல் வெளியிட்ட ஆர்சிங்க். இடையில் நின்றாலும், மறுமுறை இயக்கும்போது ஏற்கெனவே சேர்ந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியை அனுப்பும். இயல்பாக அது அளவையும் மாற்றிய நேரத்தையும் மட்டுமே ஒப்பிடுகிறது. உள்ளடக்கத்தையும் சரிபார்க்க வேண்டுமெனில் தனி விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழ்ப் பெயருள்ள கோப்புகளுக்குக் கூடுதல் சிக்கல்கள் உண்டு. மேக் கணினிகளில் 1998 முதல் இருந்த எச்எப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, ஒகர, ஓகார உயிர்மெய்களின் குறியை இரு கூறுகளாகப் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸ் தரப்பட்ட பைட்டுகளை அப்படியே வைக்கும். ஆகவே 'சொந்தம்' போன்ற பெயர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், கணினிக்கு இரு வேறு பெயர்களாகலாம். ஒரே பாடல் இருமுறை பதிவாவது இதன் விளைவு. மேலும் விண்டோசின் என்டிஎப்எஸ் முறைமை ஒரு பெயரில் 255 குறிகளை ஏற்கிறது. லினக்சின் இஎக்ஸ்டி4 முறைமை 255 பைட்டுகளை மட்டுமே ஏற்பதால், அதில் 85 தமிழ்க் குறிகளே அடங்கும். விண்டோசில் வைத்த நீண்ட தமிழ்ப் பெயர்கள் லினக்ஸ் வழங்கிக்குச் செல்லும்போது பிழை காட்டி நின்றுவிடும்.

பெரிய இழப்பு தரவுத்தளத்தில் ஏற்படுகிறது. ஊடக மென்பொருள்கள் ஒவ்வொரு கோப்பையும் அதன் முழு முகவரியோடு பதிந்து வைக்கின்றன. புதிய வழங்கியில் முகவரி மாறினால் மென்பொருள் கோப்பு அழிந்துவிட்டதாகக் கருதக்கூடும். அதன் பதிவை நீக்கிவிட்டு, அதே கோப்பைப் புதியதாகச் சேர்க்கவும் கூடும். கைப்பட இட்ட தொகுப்புகளும், எதுவரை பார்த்தது என்ற குறியும் அப்போது போய்விடும். இதனால்தான் இடம் மாற்றும் முன் குப்பையைத் தானாக நீக்கும் அமைப்பை நிறுத்திவைக்கும்படி பிளெக்ஸ் தன் வழிகாட்டியில் அறிவுறுத்துகிறது.

கோடியில் இருந்து பரவிய என்எப்ஓ கோப்பு இதற்கு ஒரு மாற்று. படத்தின் பெயர், ஆண்டு, நடிகர் முதலிய விவரங்களைச் சாதாரண உரையாக எழுதி, படக் கோப்பின் அருகிலேயே வைப்பது இம்முறை. படம் போகும் இடமெல்லாம் விவரமும் கூடவே போகும். வேறொரு மென்பொருளும் அதைப் படிக்கலாம். ஆனால் ஜெல்லிபினில்கூட, பார்த்த விவரத்தை என்எப்ஓவில் ஒரு பயனருக்கு மட்டுமே எழுதிவைக்க முடியும். பலர் பகிரும் வழங்கியில் மற்றவர்களின் குறிகள் தரவுத்தளத்தையே நம்பியுள்ளன.

வன்தட்டுகளின் பிரதியமைப்பும் காப்புப்படிக்கு ஈடாகாது. 1988-இல் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் விளக்கிய ரெய்ட் முறை, ஒரு வன்தட்டு பழுதானாலும் தரவு தொலையாமல் காக்கும். தவறுதலாக அழித்த கோப்பை அது மீட்டுத் தராது. எனவே புதிய வழங்கி சிலகாலம் பிழையின்றி இயங்கும் வரை பழையதை அழிக்காமல் வைத்திருப்பது வழக்கம்.

மதிப்பீடு

வீட்டு ஊடக வழங்கி, வாங்கிய இசையையும் படத்தையும் ஒரு நிறுவனத்தின் கைவிடலுக்கு அப்பால் காக்கும் முயற்சியாக வளர்ந்தது. கருவிகளும் நிறுவனங்களும் மறைந்தபோதும், தொகுப்புகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகர்ந்து நிலைத்தன. குறிப்புகள் திறந்த வடிவில் கோப்போடு இருந்த தொகுப்புகளே அதிக இழப்பின்றி நகர்ந்தன. குடும்ப நிழற்படங்களுக்கும் வீட்டு ஒலிப்பதிவுகளுக்கும் இது கூடுதலாகப் பொருந்தும். கடையில் வாங்கிய படத்தின் விவரத்தை இணையத்தில் மீண்டும் தேடிப் பெறலாம். ஒரு பழைய ஒலிப்பதிவில் பேசுவது யார் என்ற குறிப்பு அந்த வீட்டில் மட்டுமே இருக்கும்.