பிரேசில் பல்லிகளும் பழைய வறட்சிகளும்

உஷ்ணப் பிரதேசத்துப் பெருங்காடுகள் ஆதிகாலந்தொட்டு இன்றிருப்பது போலவே பசுமை குன்றாமல் நின்று வந்தன என்றும், பனியுகத்தின் கொடுமையெல்லாம் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்குமே உரியது என்றும் இயற்கை நூலார் பலர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். காட்டில் இத்தனை வகை ஜீவராசிகள் பெருகியதற்கு அந்த மாறாத சீதோஷ்ணமே காரணம் என்று சொல்லிவிட்டால் மேலே கேள்விக்கு இடமில்லை. ஆதலால் அந்த நம்பிக்கை சௌகரியமாகவும் இருந்தது. அதை அசைத்தவர்களுள் முக்கியமானவர், ஸாவோ பாவ்லோ நகரத்து விலங்கியல் மியூசியத்துக்குப் பல்லாண்டுகள் தலைவராக விளங்கிய பாவ்லோ வன்சோலினி. பல்லியின் செதில்களை எண்ணிய இதே மனிதர்தான் ‘ரோண்டா’ முதலிய புகழ்பெற்ற ‘சாம்பா’ இசைப் பாடல்களையும் இயற்றினார் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஹார்வர்டு சர்வகலாசாலையின் எர்னஸ்ட் வில்லியம்ஸுடன் சேர்ந்து அவர் 1970-ல் வெளியிட்ட பெரிய ஆராய்ச்சி, நம் ஓணானுக்குத் தூரத்து உறவான அனோலிஸ் பல்லிகளில் ஒரு கூட்டத்தைப் பற்றியது. மியூசியங்களில் சேர்த்து வைத்திருந்த உடல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செதில்களை எண்ணிப் பார்த்தபோது, சில பிரதேசங்களில் லட்சணங்கள் ஒரே சீராகவும், அவற்றுக்கு இடைப்பட்ட பகுதிகளில் கலந்தும் இருக்கக் கண்டார்கள். பனியுகத்து வறட்சியில் அமேஸான் காடு துண்டு துண்டாகச் சுருங்க, அந்தந்தத் துண்டில் ஒதுங்கிய பல்லிகள் தனித்தனியே மாறி, மழை திரும்பிக் காடுகள் ஒன்றுகூடியபோது மறுபடி சந்தித்தன என்பது அவர்கள் கொண்ட முடிவு. எண்ணெய் தேடும் தொழிலில் இருந்த ஜெர்மானியப் புவியியலாளர் யூர்கன் ஹாஃபர், பறவைகளைக் கொண்டு இதே சித்தாந்தத்தை 1969-ல் தனியாகவே வெளியிட்டிருந்தார்.

வன்சோலினியின் வழியில் வந்த மிகேல் ரோட்ரிகஸ், வடகிழக்கு பிரேசிலின் முட்புதர்ச் சீமையான காட்டிங்காவில், ஸாவோ பிரான்சிஸ்கோ நதிக்கரை மணற்குன்றுகளில் இன்னும் விசித்திரமான பிராணிகளைக் கண்டெடுத்தார். காலிப்டோமாட்டஸ் என்று அவர் 1991-ல் பெயரிட்ட பல்லிக்கு முன்கால்களே இல்லை. பின்கால்கள் தேய்ந்து சிறு முள்ளாக நிற்கின்றன. கண்ணைச் செதில் மூடியிருக்கிறது. கூர்த்த மூக்கால் மணலைத் துளைத்துக்கொண்டு, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே அது நீந்திச் செல்கிறது. அக்குன்றுகளில் ஒரு கரையில் ஓர் இனமும் எதிர்க்கரையில் அதன் உடன்பிறப்பான வேறோர் இனமுமாகப் பல்லிகள் அமைந்திருப்பதைக் கண்ட ரோட்ரிகஸ், வறண்ட காலத்தில் நதி கடலை எட்டாமல் உள்நாட்டு ஏரியொன்றில் முடிந்ததென்றும், பின்னர் அது கடலுக்கு வழி திறந்துகொண்டு ஓடியபோது ஒரே குடும்பம் இரு கரைகளிலும் பிரிந்து நின்றதென்றும் ஊகித்தார்.

அழகான சித்தாந்தங்களுக்குக் காலக்கணக்கே சத்துரு. மரபணுக்களை ஒப்பிட்டு இனங்கள் பிரிந்த காலத்தைக் கணிக்கும் முறை வந்தபின், அமேஸான் அனோலிஸ்கள் பனியுகங்களுக்கு வெகு முன்பே பிரிந்துவிட்டவை என்று தெரிந்தது. மணற்குன்றுப் பல்லிகளில் ஒரு ஜோடியும், ரோட்ரிகஸ் ஊகித்ததைவிட வெகு முன்பே, பிரிந்து பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்று 2008-ல் காட்டிய ஆராய்ச்சியில் ரோட்ரிகஸே பங்குகொண்டிருந்தார். அமேஸான் ஏரிகளின் சேற்றில் கிடைத்த மகரந்தமும், பனியுகத்தில் காடு சுருங்கி அங்கே புல்வெளி பரவியது என்ற கொள்கைக்கு அனுகூலமாக இல்லை.

ஆயினும் சீதோஷ்ண மாறுதலுக்குப் பல்லிகளின் சரித்திரத்தில் பங்கில்லை என்று இதனால் ஏற்படாது. வடகிழக்கு பிரேசிலின் பாஹியா மாநிலத்துக் குகைகளில், இன்று சொட்டு நீரும் வடியாத இடத்தில் வளர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் படிவங்கள், கடந்த 2,10,000 ஆண்டுகளில் காட்டிங்காவுக்கு நல்ல மழை கிடைத்த காலங்கள் பலமுறை வந்து போயின என்பதற்குச் சாட்சி. அமேஸானிலும் அட்லாண்டிக் கரைக் காட்டிலும் ஒருங்கே வாழும் பச்சை நிற அனோலிஸ் பங்க்டாட்டஸ், இடையிலுள்ள முட்புதர்ச் சீமை அவ்வாறு காடடர்ந்து கிடந்த ஏதோ ஒரு காலத்தில் கடந்து வந்ததென்று கொள்வதே பொருத்தம். வறட்சி இனங்களைப் பிறப்பித்தது என்பதைவிட, மழையும் வறட்சியும் மாறி மாறி அவற்றின் வழிகளைத் திறந்தும் அடைத்தும் வந்தன என்பதே என் அபிப்பிராயம். காலக்கணக்கில் வன்சோலினி தவறியிருக்கலாம், கண் தவறவில்லை. அவரும் வில்லியம்ஸும் செதிலெண்ணி ஆராய்ந்த கூட்டத்தில் ஒரே இனத்தின் உட்பிரிவுகளாகக் கருதப்பட்டு வந்தவை, 2011-ல் ஐந்து தனி இனங்களாக அங்கீகரிக்கப்பட்டன.