அரிய மரபணுக் குறைபாடு உள்ள பெரியவர்கள்: "என்கிட்டயே கேளுங்க" என்று சொல்ல சட்டத்தில் என்ன இடம் இருக்கு?

காரைக்காலில் இருந்து திருநள்ளாறு வழியாக கும்பகோணம் பக்கம் போகிற சாலையில், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் எல்லையை ஒட்டி இருக்கிறது அம்பகரத்தூர். பத்ரகாளியம்மன் கோயிலால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த ஊர். ஊரைத் தாண்டி கொஞ்ச தூரம் போனாலே தமிழ்நாடு வந்துவிடும்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த எல்லை கண்ணில் படவே படாது. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கு 2025-ல் இருந்து அது பெரிய விஷயம். அந்தப் பக்கம், ஊராட்சி மன்றத்திலேயே மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்கச் சட்டம் வந்துவிட்டது. இந்தப் பக்கம், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றமே இல்லை.

இதில் அதிகம் பாதிக்கப்படுவது யார்? ஊருக்கு ஒருவர், பல நேரம் அதுவும் இல்லை என்கிற அளவில் இருக்கும் அரிய மரபணுக் குறைபாடு உள்ளவர்கள்தான். தசைச்சிதைவு நோயை உதாரணமாக வைத்து, அவர்களுக்கு என்ன உரிமை இருக்கு, அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று பார்க்கலாம்.

தசைச்சிதைவு நோய் என்றால் என்ன?

மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக பலம் இழப்பதுதான் தசைச்சிதைவு. இதில் பல வகைகள் உண்டு. அதிகம் பேசப்படுவது டுஷென் வகை. சுமார் 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. தசையைப் பாதுகாக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடலில் உருவாகாததுதான் காரணம். பெரும்பாலும் 12 வயதுக்குள் நடை நின்றுவிடும். வேறு சில வகைகள் வாலிப வயதில்தான் தலைகாட்டும். பெண்களுக்கும் வரும்.

முன்பு டுஷென் வகை உள்ளவர்களில் பலர் 20 வயதைத் தாண்டவில்லை. இப்போது ஸ்டீராய்டு மருந்து, மூச்சு உதவிக் கருவி, இதயப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்து, 30 வயதையும் தாண்டி வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு புதுப் பிரச்சினை. மருத்துவமனை, பள்ளி, உதவித் திட்டம் என எல்லாமே இவர்களைக் 'குழந்தை'யாகவே பார்த்துப் பழகிவிட்டன. 32 வயது ஆள் சக்கர நாற்காலியில் எதிரே உட்கார்ந்திருப்பார். ஆனால் கேள்வி பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் போகும்: "தம்பி எப்படி இருக்காரு?" தசை பலவீனமாவதால் ஒருவருக்கு முடிவெடுக்கும் உரிமை போய்விடாது. அந்தக் கேள்வியை அவரிடமே கேட்கணும் என்பதில் இருந்துதான் 'தனக்காகத் தானே பேசுவது' தொடங்குகிறது.

சேலம் சகோதரிகள் செய்தது என்ன?

தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் சேலத்தில் இருக்கிறது. வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் இருவருக்குமே தசைச்சிதைவு நோய். யாராவது வந்து உதவட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 2009-ல் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, தங்களைப் போலவே பாதிக்கப்பட்டவர்களுக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் கிடைக்க வழி செய்தார்கள். வானவன் மாதேவி 2017 ஜனவரியில் காலமானார்.

இமாச்சலப் பிரதேசத்தின் சோலனிலும் இதே கதைதான். அங்கே இயங்கும் இந்திய தசைச்சிதைவு நோய் சங்கத்தை முன்னின்று நடத்துபவர் சஞ்சனா கோயல். அவருக்கும் இதே நோய் உண்டு. சங்கம் நடத்தும் 'மானவ் மந்திர்' மையத்துக்கு நாட்டின் பல பகுதிகளில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கேரளாவில் 'மைண்ட்' என்ற அமைப்பை தசைச்சிதைவு, முதுகுத்தண்டு தசைநார் சிதைவு உள்ளவர்களே சேர்ந்து நடத்துகிறார்கள்.

மூன்று இடத்திலும் பொதுவான ஒன்று உண்டு. என்ன தேவை என்பதை முடிவு செய்தது நோய் உள்ளவர்களே.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டது. இந்தியா 2007 அக்டோபரில் அதை உறுதி செய்தது. மாற்றுத்திறனாளிகள் பற்றிய சட்டம், கொள்கை எதை வகுத்தாலும் அவர்களைக் கலந்து பேசித்தான் செய்யணும் என்கிறது அந்த உடன்படிக்கை.

அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. 1995-ம் ஆண்டு சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் மட்டுமே இருந்தன. புதிய சட்டத்தில் 21. தசைச்சிதைவு, ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகியவை தனித்தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. இது மத்தியச் சட்டம் என்பதால் திருவாரூருக்கும் காரைக்காலுக்கும் ஒன்றுதான்.

பெரியவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான பிரிவுகள்:

பிரிவு 5: சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமை. எந்த வீட்டில், யாரோடு வாழ்வது என்பதில் அவர் விருப்பத்துக்கு இடம் உண்டு.

பிரிவு 13: சொத்து வைத்துக்கொள்ள, வாரிசாகப் பெற, பண விவகாரத்தைத் தானே பார்க்க, வங்கிக் கடன் வாங்க மற்றவர்களுக்குச் சமமான உரிமை.

பிரிவு 32: அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5% இடஒதுக்கீடு, 5 ஆண்டு வயதுத் தளர்வு.

பிரிவு 34: அரசு வேலையில் குறைந்தது 4%. இதில் தசைச்சிதைவு உள்ளவர்கள், உடல் இயக்கக் குறைபாட்டுக்கான 1% பிரிவில் வருகிறார்கள்.

பிரிவு 37: வறுமை ஒழிப்புத் திட்டங்களில் 5% ஒதுக்கீடு.

கடைசி மூன்றுக்கும் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பதாகச் சான்று வேண்டும்.

விடுபட்டவர்களும் உண்டா?

உண்டு. ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் மூன்றும் 21 வகைப் பட்டியலில் இருந்தாலும், பிரிவு 34-ன் வேலை ஒதுக்கீட்டுப் பட்டியலில் இல்லை. கல்லூரியில் இடம் கேட்கலாம், வேலையில் ஒதுக்கீடு கேட்க முடியாது என்ற நிலை. ரத்த நோய் உள்ளவர்கள் பல ஆண்டுகளாக இதை மாற்றக் கேட்கிறார்கள்.

21-க்குள் பெயரே இல்லாத அரிய நோய்களும் நிறைய. அவர்கள் என்ன செய்வது? 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இங்கே கைகொடுக்கும். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உள்ள அவருக்கு, 40% சான்று இல்லை என்பதால் யு.பி.எஸ்.சி. தேர்வில் உதவி எழுத்தரை மறுத்தார்கள். 40% என்ற அளவு இடஒதுக்கீட்டுக்குத்தான், தேவைக்கேற்ற வசதி கேட்க அது நிபந்தனை ஆகாது என்றது நீதிமன்றம்.

அட்டை வாங்குவது எப்படி?

எல்லாவற்றுக்கும் முதல் படி, யு.டி.ஐ.டி. என்ற தனித்துவ அடையாள அட்டை. ஸ்வாவ்லம்பன் கார்டு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 2024-ல் திருத்திய விதிப்படி சான்று தர 3 மாத அவகாசம். 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 79 வரை மஞ்சள், 80-ம் அதற்கு மேலும் நீலம் என அட்டைக்கு நிறம் உண்டு.

தசைச்சிதைவு ஆண்டுக்கு ஆண்டு கூடும் நோய். ஐந்து வருஷம் முன்பு வாங்கிய சான்றில் உள்ள சதவீதம் இன்றைய நிலையைச் சொல்லாது. அதனால் நிலைமை மாறியிருந்தால் மறுமதிப்பீடு கேளுங்க.

வங்கியில், வாக்குச்சாவடியில்?

"கையெழுத்து போட முடியாது, அதனால கணக்கை அப்பா பேருக்கு மாத்திடுங்க" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. கையெழுத்து போட முடியாத நிலையில் இருப்பவர் கைவிரல் ரேகை அல்லது கால்விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலில் இடம் இருக்கு. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்கணும்.

அதேபோல, தசைச்சிதைவு மட்டும் உள்ள பெரியவருக்கு 'பாதுகாவலர்' தேவை என்று சொல்வதும் சரியில்லை. 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. தசைச்சிதைவு அதில் வராது.

தேர்தலில், 40% அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ளவர்கள் வீட்டில் இருந்தே தபால் வாக்கு போடலாம். அதற்கு 12-டி படிவம். அறிவிக்கை வெளியான 5 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். வாக்குச்சாவடிக்கே போய்த்தான் போடுவேன் என்றால் அதுவும் உங்க உரிமை. எல்லா வாக்குச்சாவடிகளும் மாற்றுத்திறனாளிகள் வந்துபோகும்படி இருக்கணும் என்கிறது பிரிவு 11.

மறுத்தால் எங்கே புகார் செய்வது?

ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் இதற்கென குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். பணியிட ஒதுக்கீடு, பாகுபாடு தொடர்பான புகார் பதிவான 2 வாரத்துக்குள் அவர் விசாரிக்கணும். திருப்தி இல்லை என்றால் மாவட்ட அளவிலான குழு. அதற்கு மேல் மாநில ஆணையர். ஆணையருக்கு, சாட்சிகளை அழைப்பது, ஆவணம் கேட்பது போன்ற விஷயங்களில் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை 3 மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

புகாரை எழுத்தில் கொடுங்க. நகல் வைத்துக்கொள்ளுங்க. முடிந்தவரை குறைபாடு உள்ளவரின் பெயரிலேயே இருக்கட்டும். வேறு யாராவது எழுதித் தரலாம், ஆனால் கேட்பது அவராக இருக்கணும்.

காரைக்காலில் என்ன சிக்கல்?

தமிழ்நாட்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2025 ஏப்ரல் 16 அன்று சட்டமன்றத்தில் இரண்டு சட்டத்திருத்த மசோதாக்களைக் கொண்டு வந்தார். நகர்ப்புற அமைப்புகளில் சுமார் 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், ஊராட்சி ஒன்றியங்களில் 388 பேர், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர் என மாற்றுத்திறனாளிகள் நியமிக்கப்படுவார்கள் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

அம்பகரத்தூர் வருவது திருநள்ளாறு கொம்யூன் பஞ்சாயத்தில். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. அதிகாரிகள் கையில்தான் நிர்வாகம்.

இது சாதாரண விஷயம் இல்லைங்க. தெருவில் சாய்தளம், நாற்காலி போகிற மாதிரி சாலை, ரேஷன் கடை வாசல்படி, கொம்யூன் அலுவலகத்துக்குள் போக வழி என இவர்களின் அன்றாடத் தேவையில் பாதி உள்ளாட்சி சம்பந்தப்பட்டதுதான். அதைக் கேட்க வார்டு உறுப்பினர் இல்லை. மாநிலத் தலைமை அலுவலகங்கள் இருக்கும் புதுச்சேரியோ 100 கிலோமீட்டருக்கு மேல். மூச்சுக்கருவியோடு இருப்பவர் இரண்டு மாவட்டத்தைத் தாண்டி போய் வருவது எளிதல்ல.

பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்கணும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை ஒரு கிராமத்து அலுவலகத்தின் வாசல் வரை கொண்டுவர, அந்த ஊரிலேயே பேச ஒரு ஆள் வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

பெரும்பாலான வீடுகளில் பெற்றோர்தான் கையும் காலுமாக இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பு இல்லாமல் எதுவும் நடக்காது. ஆனாலும் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ளலாம்.

டாக்டர் உங்களிடம் கேட்டால், "அவன்கிட்டயே கேளுங்க சார்", "அவகிட்டயே கேளுங்க மேடம்" என்று சொல்லுங்க. அட்டை, வங்கிக் கணக்கு, செல்போன் எண் மூன்றும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்றால் "உன்னால முடியாதுப்பா" என்று நீங்களே முடிவு செய்யாமல், வர விருப்பமா என்று கேளுங்க. ஊரில் இதே நோய் உள்ள இன்னொருவர் இல்லாமல் இருக்கலாம். போன் வழியாக சேலத்திலோ கேரளாவிலோ இருப்பவர்களோடு பேச முடியும்.

இன்னொன்று முக்கியம். அம்மா அப்பாவுக்கு வயதான பிறகு யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எல்லா வீட்டிலும் இருக்கும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பேச்சை அவர் இல்லாத அறையில் பேசாதீங்க. எங்கே இருக்கணும், யார் உதவணும், பணம் எப்படி என்று அவரையும் உட்கார வைத்துப் பேசி, எழுதி வைப்பதுதான் நல்லது.