தரையில் கோடு வரைந்த ஆமை

கணிப்பொறி ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு, சர்வகலாசாலைப் பண்டிதர்களுக்கும் பெரிய ஸ்தாபனங்களுக்கும் மட்டுமே ஊழியம் செய்துவந்த காலத்தில், பள்ளிச் சிறுவர்களும் அதற்குக் கட்டளையிடட்டும் என்று சிலர் துணிந்தார்கள். 1967-இல் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், போல்ட் பெரானெக் நியூமன் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில், வாலி ஃபொயர்ஸைக், ஸெய்மூர் பாப்பெர்ட், ஸிந்தியா ஸாலமன் முதலியோர் இயற்றிய லோகோ என்ற நிரல்மொழி அத்துணிவின் பலனாகும். பாப்பெர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணித நிபுணர். ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் ழான் பியாஜேயுடன் சில ஆண்டுகள் பணியாற்றி, அறிவைக் குழந்தை தானே கட்டி எழுப்பிக்கொள்கிறது என்ற அவரது சித்தாந்தத்தை மனத்தில் ஊன்றிக்கொண்டு அமெரிக்கா வந்தவர்.

ஆதியில் லோகோவுக்குச் சித்திரம் தெரியாது. சொற்களும் வாக்கியங்களுமே அதன் விளையாட்டுப் பொருள்கள். பரீட்சை அளவையில் சாமானியர் எனக் கணிக்கப்பட்ட ஏழாம் வகுப்பு மாணவர்கள், சொற்களை மனம்போனபடி கோத்து வாக்கியம் சமைக்கும் நிரல்களை எழுதினார்கள். பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் ஏன் பிரித்துப் படிக்கவேண்டும் என்பது அதுவரை விளங்காதிருந்த பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, சொற்களை இனம்பிரித்துக் கொடுத்தாலன்றி யந்திரம் உளறுகிறது எனக் கண்டதும், இலக்கணத்தின் பிரயோஜனம் தனக்குப் புரிந்துவிட்டதென்று ஆனந்தத்தோடு அறிவித்ததைப் பாப்பெர்ட் 1980-இல் வெளியிட்ட 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்நூலில் என் மனத்தை மிகவும் கவர்ந்த செய்தி இதுவே.

ஆமை பிறகு வந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டலில் கிரே வால்டர் என்ற நரம்பியல் அறிஞர் 1940-களின் இறுதியில் செய்த ஆமை யந்திரங்களிலிருந்து பெயரைப் பெற்று, கணிப்பொறியோடு கம்பியால் பிணைக்கப்பட்டு, வயிற்றில் பேனாவைத் தாங்கித் தரையில் ஊர்ந்த அந்தப் பொம்மை, பின்னர் திரையில் ஒரு சிறு முக்கோணமாக உருமாறியது. ஃபார்வர்ட் 100 என்றால் நூறு அடிகள் முன்னே நகரும். ரைட் 90 என்றால் நின்ற இடத்திலேயே வலப்புறம் திரும்பும். இவ்விரண்டையும் நான்கு முறை சொன்னால் சதுரம். முக்கோணத்துக்குத் திருப்பம் அறுபது பாகை என்று சிறுவர்கள் எண்ணுவது இயல்பு. ஆமையோ அறுகோணத்தின் வழியே சென்றுவிடும். உருவத்தின் உட்கோணம் வேறு, ஊர்பவன் திரும்பும் கோணம் வேறு என்பதையும், திரும்ப வேண்டியது நூற்றிருபது பாகை என்பதையும், தாமே ஆமையாகி அறைக்குள் நடந்து பார்த்தால் அவர்கள் கண்டுகொள்வார்கள்.

அடுத்து வீடு கட்டினார்கள். சதுரம் என்ற நிரலையும் முக்கோணம் என்ற நிரலையும் அடுத்தடுத்து இயக்கினால் கூரையோடு வீடு எழும் என்று நம்பியவர்களுக்கு, முக்கோணம் சதுரத்துக்குள்ளேயே வந்து விழுந்தது. சதுரத்தை முடித்த ஆமை புறப்பட்ட மூலைக்கே மீண்டு, பழைய திசையையே நோக்கி நிற்கிறது அல்லவா? இடையில் அதை நூறு அடிகள் மேலேற்றி, முப்பது பாகை வலப்புறம் திருப்பிவிட்டால் கூரை சுவரின்மேல் அமைகிறது. பரீட்சைத் தாளில் சிவப்பு மையால் அடிக்கப்படும் தவறு அத்தோடு தீர்ந்துவிடுகிறது. இங்கோ தவறு கண்முன்னே நின்று, தன் காரணத்தைத் தேடும்படி குழந்தையை அழைக்கிறது. லோகோவின் தலையாய உபகாரம் இதுவே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

2007-இல் பாப்பெர்ட்டின் வழிவந்த மிட்செல் ரெஸ்னிக்கின் குழுவினர் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வெளியிட்ட ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழி, கட்டளைகளை வர்ணக் கட்டைகளாக்கிப் பொருத்தச் செய்து, எழுத்துப் பிழையால் வரும் துன்பத்தைக் குழந்தைகளுக்கு நீக்கியது. கூரை ஏன் உள்ளே விழுந்தது என்று தேடும் வேலையை மட்டும் அதுவும் அவர்களுக்கே விட்டுவைத்திருக்கிறது.