அவையச்சமும் மூச்சும்: ஒரு சொல்லின் நெடும்பயணம்

திருவள்ளுவர் ‘அவை அஞ்சாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். எவ்வளவு கற்றிருப்பினும் அவைக்கு அஞ்சுவோர்க்கு அக்கல்வியால் பயனில்லை என்பது அதன் சாரம். அவ்வச்சத்தைக் குறையாகக் கண்ட காலம் நெடிது. நோயாகக் கண்டு அதற்கு வழி தேடிய காலமோ மிகக் குறுகியது. அக்குறுகிய காலத்திற்குள், ஒரு பழைய பாலிச் சொல் மூளையைப் படமெடுக்கும் கருவி வரை வந்து சேர்ந்தது. அவ்வரலாற்றையே ஈண்டுக் கூற முற்படுகிறோம்.

அச்சத்திற்குப் பெயர்

1903இல் பிரெஞ்சு உளவியலாளர் பியேர் ஜானே, பிறர் முன்னிலையில் பேசவும் எழுதவும் அஞ்சுவோரைத் தனி வகையினராகக் குறித்தார். 1960களில் இலண்டனில் ஐசக் மார்க்ஸ் இதனை ஏனைய அச்சங்களினின்று பிரித்துக் காட்டினார். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் இது தனி நோயாக இடம்பெற்றது 1980இல்தான். அதன் பின்னும், 1985இல் மைக்கேல் லீபோவிட்ஸும் உடனாய்வாளரும் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய் என்றே எழுத நேர்ந்தது. கூச்சந்தானே என்று கடந்துபோகும் மனநிலை எளிதில் மாறுவதன்று.

நம் பொருளுக்கு இன்றியமையாதது 1995இல் டேவிட் கிளார்க்கும் அட்ரியன் வெல்ஸும் தந்த விளக்கம். சமூகப் பதற்றம் உடையவர் அவையைப் பார்ப்பதில்லை. தாம் அவைக்கு எவ்வாறு தோன்றுவோம் என்று தாமே கற்பித்துக்கொண்ட உருவத்தைத்தான் பார்க்கிறார். கை நடுங்குகிறதா, குரல் உடைகிறதா என்று தம்மையே காவல் காக்கிறார். எதிரே ஒருவர் புன்னகை புரிந்தாலும் அது கண்ணில் படுவதில்லை. ஆகவே இந்நோயின் நடுவே நிற்பது கவனம் என்பதை மனத்திற் கொள்க.

சொல்லின் பயணம்

இனி மற்றொரு கிளைக்கு வருவோம். பௌத்தத்தின் எண்வகை மார்க்கத்துள் ஒன்று ‘சம்மா சதி’. இச்‘சதி’ நாம் வழங்கும் சூழ்ச்சியன்று, வடமொழி ‘ஸ்மிருதி’யின் பாலி வடிவம், நினைவு என்பது அதன் முதற்பொருள். தமிழில் இதனை ‘நற்கடைப்பிடி’ என்பர். கடைப்பிடி என்பதற்குக் கொண்ட பொருளை மறவாதிருத்தல் என்று களவியல் உரை பொருள் கூறுவதை நோக்க, இம்மொழிபெயர்ப்பின் நுட்பம் விளங்கும். இலங்கையில் ஆட்சிப்பணி புரிந்து பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ், 1881இல் இச்சொல்லை ஆங்கிலத்தில் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று பெயர்த்தார். இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் அதுவே.

துறவியர்க்கே உரியதாகக் கருதப்பட்ட இப்பயிற்சியை இல்லறத்தார்க்கும் திறந்துவிட்டது இருபதாம் நூற்றாண்டுப் பர்மா. மகாசி சயாடோ 1949 முதல் இரங்கூனில் இதனைப் பயிற்றுவித்தார். அவரிடம் பயின்ற நியானபொனிக தேரர் ஜெர்மனியில் பிறந்து இலங்கையில் துறவு பூண்டவர். 1954இல் கொழும்பில் வெளிவந்த அவரது நூல் மேலைநாட்டாரிடம் இம்முறையைப் பரப்பியது. 1979இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில், மூலக்கூறு உயிரியல் பயின்ற ஜான் கபாட்-ஜின், ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இதனை எட்டு வாரப் பயிற்சியாக அமைத்தார். சமயச் சொற்கள் விலகின. மூச்சை நோக்குதலும் உடலை நோக்குதலும் எஞ்சின. நாட்பட்ட வலியால் துன்புற்று, மருத்துவம் கைவிட்ட நிலையில் இருந்தோரே முதலில் அவரிடம் வந்தனர்.

மூளைக்குள்

இவ்விரு கிளைகளும் கூடிய இடம் ஸ்டான்ஃபோர்டு. பிலிப் கோல்டினும் ஜேம்ஸ் கிராஸும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் சமூகப் பதற்றம் உடையோர் 16 பேர் பங்குகொண்டனர். பயிற்சிக்குப் பின்னும் மூளைப்படம் எடுக்கப்பட்டவர் 14 பேர். படக்கருவிக்குள் கிடத்தி, அவர்தம் மனத்தை வாட்டும் தன்னிழிவுக் கூற்றுகளைப் படிக்கச் செய்தனர். பின்னர் ஒருமுறை மூச்சில் கவனம் வைக்குமாறும், மற்றொருமுறை எண்களைப் பின்னோக்கி எண்ணுமாறும் கூறினர்.

எட்டு வாரப் பயிற்சிக்குப் பின், மூச்சில் கவனம் வைத்தபோது துயருணர்ச்சி குறைந்தது. பாதாம் பருப்பின் வடிவினதாய், அச்சத்தை உணர்த்துவதிற் பெரும்பங்கு கொள்ளும் அமிக்டலாவின் கிளர்ச்சியும் தணிந்தது. கவனத்தைச் செலுத்தும் பகுதிகளின் செயல் மிகுந்தது. எண்களை எண்ணியபோதோ இம்மாற்றங்கள் காணப்படவில்லை.

தம்மையே நோக்கி வாடுபவரிடம் மேலும் உள்நோக்கச் சொன்னால் நோய் மிகாதோ என்ற ஐயம் எழலாம். தம் உருவத்தை எடைபோடுவது வேறு. மூச்சு புகுவதையும் வெளியேறுவதையும் உணர்வது வேறு. முன்னது தீர்ப்பு, பின்னது வெறும் நோக்கு. மேற்கண்ட முடிவை இவ்வேறுபாட்டைக் கொண்டே பொருள் கொள்ளலாம் என்பது நம் கருத்து.

எச்சரிக்கை

ஆயினும் மூளைப்படம் என்றவுடன் ஆராயாது நம்பிவிடும் வழக்கம் நன்றன்று. 2010 ஆய்வில் ஒப்புநோக்கப் பயிற்சி பெறாத குழு இல்லை, எண்ணிக்கையும் சிறிது. 2007இல் 53 பேரிடம் நிகழ்ந்த கனடிய ஆய்வில், சமூகப் பதற்றத்தைத் தணிப்பதில் அறிவாற்றல்-நடத்தைக் குழுச் சிகிச்சையே விஞ்சி நின்றது. 2016இல் கோல்டின் குழுவினர் 108 பேரிடம் நிகழ்த்திய ஆய்வில் இரண்டும் ஏறத்தாழ ஒத்த பயன் தந்தன; ஓராண்டு கழித்தும் அப்பயன் நிலைத்தது.

எட்டு வாரத்தில் மூளையின் கட்டமைப்பே மாறும் என்ற செய்தியும் பரவலாக வழங்குகிறது. 2011இல் வெளிவந்த, நோயற்ற சிலரிடம் நிகழ்ந்த சிற்றாய்வு அதற்கு ஊக்கமளித்தது. 2022இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் 218 பேரின் தரவுகளை ஆராய்ந்து, அத்தகைய கட்டமைப்பு மாற்றம் எதையும் காணவில்லை என்று அறிவித்தனர். கவனம் பழகுவது ஒன்று. மூளை உருமாறுவது மற்றொன்று. முதலாவதற்குச் சான்று உண்டு. இரண்டாவது எட்டு வாரத்தில் நிகழும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

இது ஏட்டளவில் நிற்கும் வேறுபாடன்று. விடை தெரிந்தும் எழுந்து நிற்காத மாணவரையும், வாய்மொழித் தேர்வறையின் வாசல் வரை வந்து திரும்பிவிடும் மாணவியரையும் ஆசிரியப் பணியில் உள்ள நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களைத் திமிர் பிடித்தவர் என்போரும், மந்தம் என்போரும் உண்டு. பத்து நாள் கண்மூடி அமர்ந்தால் மூளை மாறும் என்று வாக்களித்து, மாறாதபோது அதுவும் உன் குறையே என்று சொல்வதும் அவற்றை ஒத்த கொடுமையே. அச்சம் வாழ்க்கையை முடக்குமாயின் உளமருத்துவரை நாடுதல் வேண்டும். தியானம் அதற்குத் துணையாகலாம், மாற்றாகாது.

பயிற்சி பெற்றவர்க்கும் அவை நடுவே நெஞ்சு படபடக்கும். அப்போது மூச்சு என்ற ஒன்று உண்டென்பதை மறவாமல், கவனத்தை அங்கே மீட்டுக்கொள்ள அவரால் இயல்கிறது. பழந்தமிழர் கடைப்பிடி என்றது இம்மறவாமையையே.