ஒரு சென்ட் நிலமும் ஆறு தசம ஸ்தானமும்

ஒரு சென்ட் நிலம் ஏறக்குறைய 40.47 சதுர மீட்டர்; சதுரமாக வகுத்தால் பக்கம் 6.36 மீட்டர்தான். கைப்பேசியின் ஜி.பி.எஸ். சொல்லும் இடமோ, மறைப்பற்ற வெளியிலுங்கூட, உண்மை இடத்திலிருந்து 5 மீட்டர் வரை விலகுவது சகஜம். அங்ஙனமிருக்க, கிணறும் எல்லைக்கல்லும் பதிவு செய்யப் புறப்பட்ட களப்பணியாளர், திரையில் ஆறு தசம ஸ்தானங்களைக் கண்டமாத்திரத்தில் 11 சென்டிமீட்டர் வரை நிர்ணயமாகிவிட்டதென்று நம்பிவிடுகிறார். யந்திரத்துக்கு இலக்கங்களில் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் பிரமாணத்தில்தான்.

2000 மே மாதத்தில் அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சமிக்ஞையில் தான் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நிறுத்திய பிறகு, எஞ்சியவை பெரும்பாலும் ஆகாயமும் சுற்றுப்புறமும் விளைவிப்பவை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சமிக்ஞை ஒரு நானோ விநாடி தாமதித்தால் தூரக் கணக்கில் 30 சென்டிமீட்டர் பிசகுகிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால், அத்தகைய தாமதத்தை விளைவிக்கும் அயனி மண்டலத்தின் சஞ்சலம் நமக்கு அந்நிய விஷயமன்று. அஸ்தமனத்துக்குப் பிந்திய சில மணி நேரம், விசேஷமாகச் சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், சமிக்ஞை துடித்து அறுபடுவதுமுண்டு. இரண்டு அதிர்வெண்களைக் கேட்கும் கைப்பேசிகள் 2018 முதல் கிடைப்பதால், அயனி மண்டலத் தாமதத்தைப் பெருமளவு கழித்துவிட வழி பிறந்திருக்கிறது. ஆனால் தென்னந்தோப்பின் நடுவே, தகரக் கூரை வேய்ந்த மோட்டார் கொட்டகைக்கருகில் உள்ள கிணற்றை எந்த அதிர்வெண்ணும் முழுதும் காப்பாற்றாது. மட்டை நேர்வரவைத் தடுக்க, தகரம் எதிரொலித்து அனுப்பிய அலையைக் கருவி நேரே வந்ததாகக் கொள்கிறது.

இதற்குப் பரிகாரமாக ஒரு நிமிஷம் நின்று அறுபது அளவுகள் எடுத்துச் சராசரி காண்பது வழக்கம். ஒரே சாட்சியை அறுபது முறை விசாரித்தால் அறுபது சாட்சிகள் ஆகிவிடுவாரா? தகரமும் மட்டையும் அந்த நிமிஷத்தில் இடம் மாறுவதில்லை. ஆகவே பிழையும் ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கிறது. சில மணி நேரம் கழித்து, செயற்கைக்கோள்களின் அமைப்பு மாறியபின், மீண்டும் வந்து எடுப்பதே மெய்யான இரண்டாம் சாட்சியம். ஆண்ட்ராய்டு திரையில் காணும் வட்டமும் உண்மை இடத்தை நூற்றுக்கு 68 தடவை உள்ளடக்குமென்று கருவி தன்னைப் பற்றித் தானே செய்துகொள்ளும் மதிப்பீடுதான். அதற்கு ஜாமீன் நிற்க வேறொருவருமில்லை.

ஆதலின், விலையுயர்ந்த கருவியை நாடுமுன் முறையைத் திருத்துவதே முதற்கடன் என்பது என் கட்சி. ஆயத்தொலைவுகள் அறிந்த ஒரு கல்லின்மேல் காலையில் கைப்பேசியை வைத்துப் பார்த்தால் அன்றைய நிலவரம் விளங்கும்; ஆனால் அங்குக் கண்ட வித்தியாசத்தை மற்ற இடங்களிலும் கண்ணை மூடிக்கொண்டு கழிப்பது தவறு, தோப்புக்குள் கேட்கும் செயற்கைக்கோள்கள் வேறாயிருக்கக்கூடுமாதலால். கிணற்றுக்கோ, தோப்பை விட்டு வெளியே வந்து, வானம் தெரியும் வரப்பில் நின்று, கைப்பேசியை வயிற்றோடு அணைக்காமல் தலைக்கு மேலே பிடித்து அளந்து, அங்கிருந்து கிணறு வரை நாடா பிடித்து, திசையையும் குறித்தால் போதும். திசைகாட்டியை மோட்டாரின் இரும்புக்குப் பக்கத்தில் வைக்காதிருப்பது நன்று. பிறகு பதிவேட்டில், எண்களுக்கு நேரே, இவ்வாறு ஒரு வரி எழுதலாம்: “காலை 9.20, வடக்கு வரப்பில் எடுத்தது, வட்டம் 4 மீட்டர். கிணறு இங்கிருந்து தென்மேற்கே 18 மீட்டர், நாடா அளவு.”