வள்ளலார் விளக்கும் ஏழைக்கு ஒரு வீடும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

பினாங்குல நமக்கு தைப்பூசம்னா தண்ணீர்மலை, காவடி, பால்குடம், ரத ஊர்வலம், வழி நெடுக தண்ணீர்ப் பந்தல். அதே நாளில் தமிழ்நாட்டில் வடலூரில் ஏழு திரை விலக்கி ஜோதி தரிசனம் நடக்கும். 1874-ம் வருஷம் தைப்பூசத்தன்னிக்குத்தான் வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் ஜோதியில் கலந்தார். அவர் 1867-ல் ஏற்றி வைத்த தருமசாலை அடுப்பு இன்னிக்கும் அணையாமல் எரியுது. இது நம்மில் பலருக்குத் தெரியும். ஆனா அந்தச் சாலைக்கு இடம் எப்படி வந்தது? பார்வதிபுரம் ஊர்மக்கள் சேர்ந்து 80 காணி நிலம் கொடுத்தாங்க. பசிக்கு சோறு போடணும்னாலும் முதல்ல கால் ஊன்ற ஒரு இடம் வேணும்.

இதை வாழ்நாள் முழுக்க மனசுல வச்சு வேலை செஞ்ச ஒரு வள்ளலார் பக்தையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன்.

1926-ல் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில், நிலமில்லாத ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்திலேயே கல்லூரி வரை படித்தார். காந்திய வழியில் வந்த ஜெகந்நாதன் ஐயா, நாடு விடுதலை ஆன பிறகுதான் கல்யாணம்னு இருந்தவர். 1950-ல் இருவருக்கும் திருமணம். அடுத்த வருஷமே வினோபா பாவே பூதான இயக்கத்தைத் தொடங்கினார். நிலம் உள்ளவங்களிடம் தானமா நிலம் கேட்டு நடந்த அந்த நடைப்பயணத்தில் இவங்களும் சேர்ந்துக்கிட்டாங்க.

இப்போ நமக்கு நெருக்கமான பகுதிக்கு வர்றேன். பினாங்குத் தமிழர்களில் எத்தனையோ பேருடைய தாத்தா பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவங்க. ரஜூலா கப்பல் கதை கேட்காத வீடு இங்கே குறைவு. அவங்க விட்டுட்டு வந்த கீழத்தஞ்சையில் நிலைமை என்ன? நெல் விளையிற பூமி. ஆனா நாற்று நட்டவங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. குடிசை போட்டிருக்கிற மனைகூட மிராசுதாருடையது. கூலி கூட்டிக் கேட்டா, "குடிசையைப் பிரிச்சுட்டுக் கிளம்பு"ன்னு சொல்லிட முடியும். இங்கே தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவங்களுக்கு இது நல்லாவே புரியும். வேலை போனா வீடும் போச்சு. தோட்டம் கைமாறினா மொத்த லயமும் போச்சு.

1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் கூலித் தகராறு முற்றி, ஒரு சின்னக் குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர் தீயில் கருகிப் போனாங்க. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தச் செய்திக்குப் பிறகு கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் அந்தப் பகுதிக்கே போய்த் தங்கிட்டாங்க. ஊர் ஊரா நடந்தாங்க, உண்ணாவிரதம் இருந்தாங்க, சிறைக்கும் போனாங்க. 1971-ல் தமிழ்நாடு அரசு, விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனையை அவருக்கே சொந்தமாக்கும் சட்டம் கொண்டுவந்தது. மனை சொந்தமாச்சு. ஆனா வயிற்றுப்பாட்டுக்கு நிலம் இல்லையே!

அதுக்காக 1981-ல் தொடங்கினதுதான் லாஃப்டி. தமிழில் 'உழுபவனின் நில உரிமை இயக்கம்'. இவங்க வேலை செஞ்ச முறையைக் கவனிங்க. யாரிடமிருந்தும் நிலத்தைப் பிடுங்கல. விற்கத் தயாரா இருக்கிற நிலச்சொந்தக்காரரையும் நிலமில்லாத குடும்பங்களையும் ஒரே இடத்தில் உட்காரவச்சு, விலை பேசினாங்க. வங்கிக் கடனும் அரசு உதவியும் வாங்கினாங்க. குடும்பத்துக்கு ஒரு ஏக்கர்னு பிரிச்சாங்க. பத்திரம் பெண்கள் பேரில். வீட்டைக் கட்டிக் காப்பாத்துறவ கையில பத்திரம் இருந்தா, அது அவ்வளவு சுலபமா கைமாறாது. விளைச்சல்ல இருந்து கடனைக் கட்டினாங்க. இப்படியே கொஞ்சம் கொஞ்சமா 13,000 ஏக்கருக்கு மேல், ஏழைக் குடும்பங்களின் கைக்கு வந்தது.

நிலத்துக்கு அடுத்தது வீடு. மழைக்காலத்தில் மண் சுவர் கரையும், புயல் வந்தா கூரை பறக்கும். 1977 நவம்பர் புயலும் 2004 டிசம்பர் 26 சுனாமியும் நாகை மாவட்டத்தை என்ன பண்ணுச்சுன்னு சொல்லவே வேண்டாம். குடிசையில் இருப்பவங்களுக்கு செங்கல் வீடு கட்டித் தரணும்கிறதை அம்மா தன் கடைசிக் காலத்துக் கடமையாவே எடுத்துக்கிட்டாங்க. தானம்னு கையில கொடுத்துட்டுப் போற வேலை இல்லை இது. ஊர் மக்களே செங்கல் அறுத்து, கை கொடுத்துக் கட்டுற வீடு. 2008-ல் ஸ்வீடனில் வழங்கப்படுற 'வாழ்வுரிமை விருது' இந்தத் தம்பதிக்கும் லாஃப்டிக்கும் கிடைச்சது. ஜெகந்நாதன் ஐயா 2013-ல் மறைந்தார். 2020-ல் இந்திய அரசு அம்மாவுக்கு பத்மபூஷண் அறிவித்தது.

இவ்வளவுக்கும் பலம் எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா, அம்மா கை காட்டுறது வள்ளலாரைத்தான். விளக்கேற்றி வேண்டிக்கிட்டுத்தான் வேலை தொடங்குறது அவங்க வழக்கம்.

சரி, இதை ஏன் பினாங்கு பக்தர்களுக்கு எழுதணும்?

நம்ம குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயம் நிற்கிற இடம் 1801-ல் தென்னிந்தியர்களுக்காகக் கொடுக்கப்பட்ட நிலம். 1833-ல் கோயிலா எழும்பியது. அந்த நிலம் இருந்ததாலதான் 200 வருஷத்துக்குப் பிறகும் அங்கே மணி அடிக்குது. ஆனா சுத்தி வாழ்ந்த சனங்க? 1999 முடிவோட வாடகைக் கட்டுப்பாடு போச்சு. வாடகை ஏறினதும் பழைய குடும்பங்கள் ஒவ்வொண்ணா நகரத்தை விட்டுக் கிளம்பினாங்க. 2008-ல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது, நமக்குப் பெருமைதான். ஆனா அந்த எல்லைக்குள் குடியிருந்தவங்க 2009-ல் சுமார் 10,000 பேர், 2013-ல் சுமார் 9,400 பேர். கட்டடம் பத்திரமா இருக்கு, குடியிருந்தவங்கதான் குறையுறாங்க. தேர் வரும்போது வாசல்ல தட்டு ஏந்தி நிற்க ஆள் வேணாமா?

அன்னதானத்தில் நம்ம ஆலயங்களை யாரும் குறை சொல்ல முடியாது. சாப்பிட்டுட்டு அந்தப் பெரியவர் எங்கே போய்ப் படுக்குறார்னும் நாம கேட்கணும். ஆலய அறக்கட்டளைகளுக்கு வீடும் நிலமும் இருக்கிற இடத்தில், ஒரு பகுதியை கட்டுப்படியாகிற வாடகையில் நம்ம ஏழைக் குடும்பங்களுக்கு ஒதுக்கலாம். அறைகளைப் பழுது பார்க்க தச்சர், எலக்ட்ரிஷியன், பெயிண்டர் எல்லாரும் நம்ம தொண்டர்களிலேயே இருக்காங்க. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்கிற உரிமை ஒவ்வொரு உறுப்பினருக்கும் இருக்கு.

கிருஷ்ணம்மாள் அம்மா 13,000 ஏக்கரை ஒரே நாள்ல வாங்கல. முதல்ல ஒரு ஊர், சில குடும்பம், ஆளுக்கு ஒரு ஏக்கர். நாம ஒரு வீட்டில் தொடங்கினாலே போதும். இந்த தைப்பூசத்துக்கு வேண்டுதல் வைக்கும்போது, உங்க தெருவில் வாடகை கட்ட முடியாமல் தவிக்கிற ஒரு குடும்பத்தை நினைச்சுக்கோங்க. அப்படி யாராவது இருந்தா பேரை இங்கே எழுத வேண்டாம், ஆலயத்துக்கு வந்து நேரில் சொல்லுங்க. உட்கார்ந்து பேசுவோம்.

முருகா சரணம்.